காலி நாற்காலியில் உட்கார்ந்தவர்

மேடையில் நின்ற எல்லோரும் நாற்காலியைப் பார்த்துக் கைகட்டிக் குனிந்தார்கள். நாற்காலியில் யாரும் இல்லை. அது சரிதான். பிரதியில் நான் தட்டச்சு செய்திருந்ததும் அதுதான்: ‘நடுவில் உயரமான நாற்காலி. கடைசிவரை காலியாகவே இருக்கும்.’

அந்த நேரத்தில் திடலின் கீழ்க்கோடியில் பட்டாசு வெடித்தது. தப்படிக்கிறவர்கள் ஓடினார்கள். கொழும்பிலிருந்து காலைப் பூசைக்கு வரவேண்டிய பிரமுகர், பிற்பகலில், பனி இறங்கத் தொடங்கும் வேளையில் வந்து சேர்ந்தார்.

எங்கள் பக்கத்தில் பிரமுகர் வந்தால் எது நடந்துகொண்டிருந்தாலும் நிற்கும். நாடகத்தில் சாகக் கிடப்பவன் எழுந்து ஓரமாக நிற்பான். மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்ததும் மறுபடி படுத்துச் சாவான். இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

திருவிழாக் குழுச் செயலாளர் பெரியசாமி அண்ணன் பிரமுகரின் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார். மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. அடுத்து உட்காரவைக்க வேண்டும். கீழே முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் குழந்தைகள் இருவர் இருவராக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில், கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்த மாப்பிள்ளை நாற்காலி, தங்க நிறக் கைப்பிடியோடு காலியாக இருந்தது.

“இங்கன உக்காருங்கய்யா” என்றார் பெரியசாமி அண்ணன்.

பிரமுகர் உட்கார்ந்தார்.

நான் மேடையின் பக்கத்தட்டியை ஒட்டி நின்றிருந்தேன். வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பது என் வேலை. பக்கத்தில் ஒலிவாங்கியோடு நாடகத்தை எழுதிய செல்வகுமார் ஆசிரியர்.

“அக்கா...” என்றார். ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டார்.

கேள்வி இல்லாத நாடு

சென்ற இதழைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி: தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு அருகே எனக்கு ஒரு தட்டச்சு, போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. அதன் பின்னறையில், பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில், எங்கள் வாசகர் வட்டம் கூடும். வட்டம் என்று சொல்லலாமே தவிர, அறை நீளமாக இருப்பதால் நாங்கள் வரிசையாகத்தான் உட்காருவோம்.

ஒரு போயாவுக்குச் செல்வகுமார் ஒரு பழைய அந்நிய நாவலின் தமிழ்ப் பிரதியைக் கொண்டுவந்தார். அட்டை இல்லை. முதல் பக்கங்களும் இல்லை. அதனால் எழுதியவர் யார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கதை எளிமையானது. ஒரு நாடு. அங்கே கேள்வி கேட்பது குற்றம். விடியற்காலை மணியடித்ததும் எல்லோரும் சதுக்கத்தில் கூடுவார்கள். ஆட்சியாளர் மாடத்திலிருந்து அன்றைய உத்தரவுகளைச் சொல்வார். மக்கள் ஒரே குரலில் ‘ஆகட்டும்’ என்பார்கள். கடைசிப் பக்கத்தில் துணி நெய்கிற ஒருத்தி மட்டும் ‘ஆகட்டும்’ சொல்லாமல் ‘ஏன்?’ என்று கேட்பாள். அதோடு புத்தகம் முடிந்துவிடும். பதில் இல்லை.

“இதை நாடகமா போடணும்க்கா” என்றார் செல்வகுமார். “நம்ம தோட்டத்துத் திருவிழாவுல.”

அவர் மாற்றியது ஒரே ஒரு சொல்லைத்தான். ‘ஆகட்டும்’ என்பதை ‘சரிங்க’ என்று ஆக்கினார். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்று, இன்றைக்கு எந்த மலை, யாருக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு எல்லோரும் சொல்கிற சொல் அது. முதல் ஒத்திகையிலேயே நடிகர்களுக்கு வசனம் பாடமாகியிருந்தது.

தொப்பி, சால்வை, கண்ணாடி

தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெயரை எழுதாமல் விடுவதும் ஒருவகைத் தணிக்கைதான் என்று தெரிகிறது. இருந்தாலும் நான் அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் கொப்பி எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

முதல் பிரதியில் ஆட்சியாளருக்குத் தொப்பியும் அரைக்கால்சட்டையும் கைத்தடியும் இருந்தன. செல்வகுமார் பிரதியைத் தட்டச்சுக்குக் கொடுத்த இரண்டொரு நாளில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கடைக்கு வந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

“தொப்பி எதுக்குங்க?”

“நாவல்ல இருக்கு” என்றார் செல்வகுமார்.

“எங்க தொரையும் தொப்பிதான் போடுறாரு. அரைக்கால்சட்டைதான் போடுறாரு.”

“நாவல் எழுதினவருக்கு உங்க தொரையைத் தெரியாதுங்க. அவரு செத்துப் பல வருசமாயிருக்கும்.”

“செத்துட்டாருல்ல? அப்போ தொப்பிய எடுத்தா அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

தொப்பியை எடுத்தேன். அரைக்கால்சட்டையை வெள்ளை வேட்டியாக்கினேன். வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை.

அடுத்த வாரம் தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் வந்தார். உட்காரவில்லை.

“சால்வை என்னா கலர்?”

“வெள்ளைங்க. எந்தச் சங்கமும் இல்ல, எந்தக் கட்சியும் இல்ல.”

“எல்லாக் கட்சிக்காரனும் வெள்ளைதானே வாத்தியாரே போட்டுக்கிட்டு வாறான்? ஒரு கலரைப் போட்டீங்கன்னா அந்தக் கலர்காரன் மட்டும்தான் கோவிப்பான். வெள்ளைன்னா எல்லாரும் கோவிப்பாங்க.”

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. சால்வை போயிற்று. வேட்டியும் போயிற்று. நீளக்காற்சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் பிரம்பு என்று மூன்றாவது பிரதியை அச்செடுத்தேன்.

பாடசாலை அதிபர் தொலைபேசியில்தான் பேசினார். ஒலிபெருக்கியும் திரையும் பாடசாலையுடையவை. மிகவும் மரியாதையாகப் பேசினார். “அது நான் இல்லைன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பிள்ளைங்களுக்குத் தெரியாதே!”

பிள்ளைகளுக்குத் தெரியாது என்று அவர் எப்படி அவ்வளவு நிச்சயமாக நம்பினார் என்று நான் கேட்கவில்லை.

காக்கிச் சட்டை போடலாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆகவே அதை மறுக்க யாரும் கடைக்கு வரவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

கடைசியாகக் கிரீடம். ராஜா உடை என்றால் யாருக்கும் வருத்தம் இருக்காது என்று செல்வகுமார் நினைத்தார். அட்டையில் வெட்டி, மினுக்குத் தாள் ஒட்டி, நாங்களே செய்தோம். பெரியசாமி அண்ணன் அதைத் தலைகீழாகப் பிடித்து உள்ளேயும் பார்த்தார்.

“இதை வச்சா சாமி மாதிரி இருக்கும் தங்கச்சி. கும்பத்துக்கு முன்னால சாமியக் கெட்டவராக் காட்டலாமா?”

“அப்போ யாருதாண்ணே உக்காருவாங்க?” என்றார் செல்வகுமார். அவர் குரல் களைத்திருந்தது.

“ஏன் உக்காரணும்? நாற்காலி மட்டும் இருக்கட்டும். நாற்காலி யாரையும் மாதிரி இருக்காதுல்ல?”

இப்படித்தான் நாற்காலி காலியானது. பிறகு வந்த விமர்சனங்களில், அதிகாரத்தின் முகமின்மையைக் காட்டும் ஆழ்ந்த குறியீடு என்று ஹட்டன் நண்பர் ஒருவர் எழுதினார். செல்வகுமார் அதை மறுக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் உடையைத்தான் பார்த்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நாவலிலிருந்து எடுத்த ஆட்சியாளரின் உத்தரவுகள் ஒவ்வொன்றும் முதல் பிரதியில் இருந்தபடியே கடைசிவரை இருந்தன. அவற்றை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

அப்பா ஒட்டிய துண்டு

இந்த இடத்தில் அப்பாவின் ஞாபகம் வருகிறது. அவர் காலத்தில் இது புத்தகக் கடை. அரிச்சுவடி, கொப்பி, பஞ்சாங்கம்.

யுத்த காலத்தில் ஒருமுறை பிள்ளைகளின் விலங்குப் படப் புத்தகங்கள் கட்டாக வந்தன. அதில் ஒரு பக்கத்தில் புலி. அப்பா அன்று மாலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தப் புலியின் மேல் வெள்ளைத் தாள் துண்டை ஒட்டினார். பசை வாசனை எனக்கு இப்போதும் மூக்கில் நிற்கிறது. யாரும் அவரை ஒட்டச் சொல்லவில்லை. யாரும் கடைக்கு வந்து கேட்கவும் இல்லை.

புத்தகம் வாங்கிய பிள்ளைகள் கடை வாசலிலேயே நின்று நகத்தால் அந்தத் தாளைச் சுரண்டினார்கள். ஒட்டாமல் விட்டிருந்தால் யானைக்கும் கரடிக்கும் நடுவில் அந்தப் பக்கத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போயிருப்பார்கள்.

நாடகத்துக்கும் முறைப்படி ஓர் அனுமதி தேவைப்பட்டது. ஒலிபெருக்கிக்காகப் பொலிஸ் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். சிங்களம் எனக்குச் சரளமாக வரும் என்பதால் பெரியசாமி அண்ணனோடு நானும் போனேன். மேசையில் இருந்த அதிகாரி என்ன கதை என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். ஒரு நாடு, அங்கே யாரும் கேள்வி கேட்கக்கூடாது.

அவர் சிரித்தார். “அது எங்கள் வீடு” என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

வெட்டுவதற்கு உண்மையான அதிகாரம் இருந்த ஒரே ஆள் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

கடைசிச் சொல்

வெட்டியது பெரியசாமி அண்ணன். அதுவும் அந்த ஒரே ஒரு ‘ஏன்?’

அவர்மீது கோபப்பட என்னால் முடியவில்லை. அந்தத் தோட்டத்தில் கீழ்லயம் என்று ஒரு வரிசை வீடுகள் உண்டு. பின்பக்க மண்மேடு சரிந்து, சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மழை பலமாகப் பெய்தால் அத்தனை குடும்பமும் பாய் தலையணையோடு, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் படுக்கும். பெரியசாமி அண்ணனின் குடும்பமும் அதில் ஒன்று.

அவர்களுக்கென்று திடலுக்கு மேலே புது வீடுகள் கட்டி முடிந்துவிட்டன. நீல வர்ணம் பூசியாயிற்று. கதவு, ஜன்னல், பூட்டு எல்லாம் இருந்தன. திறந்துவைக்கப் பிரமுகருக்குத்தான் நாள் கிடைக்கவில்லை. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. புது வீட்டு விறாந்தைகளில் ஆடுகள் நனையாமல் படுத்திருந்தன.

“திருவிழாவுக்கு அவரு வாறாரு” என்றார் பெரியசாமி அண்ணன். “வந்தாத்தான் தேதி கேக்கலாம். அந்த நேரம் பாத்து ஒருத்தி மேடையில நின்னு ஏன் எதுக்குன்னா, கோவிச்சுக்கிட்டுப் போயிருவாரு. சாவி அவரு கையில.”

துணி நெய்கிறவளாக நடித்தது வசந்தா. கொழுந்து பறிக்கிறவள். கீழ்லயத்தில் அந்த வெடிப்புச் சுவருக்கு அடுத்த காம்பராதான் அவள் வீடு. அவள் மகளுக்கு மழை இருட்டினாலே வயிறு வலிக்கத் தொடங்கிவிடும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

திருத்திய பிரதியை ஒத்திகையில் அவளிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல எனக்கு ஒண்ணுமே இல்லியேக்கா. கடைசில நான் என்னா பண்ணணும்?”

“நிக்கணும்” என்றார் செல்வகுமார், தரையைப் பார்த்தபடி. “அமைதியா. அதுவே ஒரு அர்த்தம் குடுக்கும்.”

“நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன் வாத்தியாரே, தெனமும் பெரட்டுல? அதுல யாருக்கு என்னா அர்த்தம் குடுத்திருச்சி?”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வசந்தா சிரிக்கவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுபடி மேடை

பிரமுகர் உட்கார்ந்தாயிற்று. ஒருவரிடமும் அசைவில்லை.

“ஐயா பாக்கணும்ல? போடுங்க, போடுங்க” என்று பெரியசாமி அண்ணன் கீழே இறங்கிக்கொண்டே கையை ஆட்டினார்.

செல்வகுமார் என்னைப் பார்த்தார். பிரதியில் அடுத்து என்ன இருக்கிறதோ அதைத்தானே நான் காட்ட முடியும்? விரலை வைத்துக் காட்டினேன். அவர் தட்டிக்குப் பின்னால் நின்று, ஆட்சியாளரின் குரலில், ஒலிவாங்கியில் வாசித்தார்.

“இன்று முதல் மழை பெய்யவில்லை. நனைந்தவர்கள் நனையவில்லை.”

மேடையில் எல்லோரும் பிரமுகரைப் பார்த்துக் குனிந்தார்கள். “சரிங்க.”

பிரமுகரின் முகம் மலர்ந்தது. லேசாகக் கையை உயர்த்தினார்.

திடலில் ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“சுவரில் வெடிப்பு என்று எதுவும் கிடையாது. வெடிப்பைக் காண்பவர்கள் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.”

“சரிங்க.”

பிரமுகர் தலையாட்டினார். அவருக்கு வசனம் காதில் விழுந்ததா என்று தெரியாது. வரிசையாகக் குனிகிற தலைகள் நன்றாகத் தெரிந்திருக்கும். இப்போது சிரிப்பு திடல் முழுக்கப் பரவியது. அவர் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சிரிப்பு இன்னும் கூடியது. கணக்கப்பிள்ளை குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார், மழை இல்லாதபோதே. பெரியசாமி அண்ணன் ஒலிபெருக்கிக் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார், எதைப் பிடுங்கினால் நிற்கும் என்று.

கடைசிக் காட்சி வந்தது. வசந்தா வரிசையை விட்டு முன்னால் வந்தாள். பிரதியின்படி அவள் அமைதியாக நிற்க வேண்டும். திரை விழ வேண்டும்.

நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, பெரட்டில் பேசுகிற மாதிரியே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“ஐயா, மேல வீடெல்லாம் கட்டி முடிஞ்சிருச்சிங்க. ஏன் இன்னும் பூட்டி வச்சிருக்கீங்க?”

என் கையில் இருந்த பிரதியில் அப்படி ஒரு வரி இல்லை. முதல் பிரதியிலும் இல்லை.

பிரமுகர் முதலில் விழித்தார். அப்புறம் சிரித்தார். தானும் நாடகத்தில் இருக்கிறோம், தன்னிடம் ஒரு வசனம் எதிர்பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாலையை ஒதுக்கிவிட்டு, நல்ல கணீர்க் குரலில் சொன்னார்: “திறந்துருவோம்!”

“சரிங்க” என்றது வரிசை, பழக்கத்தில்.

“எப்பங்க?” என்றாள் வசந்தா.

அவர் கீழே நின்ற தன் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கைத்தொலைபேசியைப் பார்த்தார். பக்கத்துத் தகரக் கூரையில் பனி சொட்டுவது கேட்டது.

“வர்ற புதன்கிழமை” என்றார் பிரமுகர்.

வசந்தா அவருக்கு நன்றி சொல்லவில்லை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“புதன்கிழமையாம். எல்லாருக்கும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு!”

கீழ்லயம் இருந்த பக்கம்தான் சத்தம் அதிகம். அதற்குப் பிறகுதான் பெரியசாமி அண்ணன் சரியான கம்பியைக் கண்டுபிடித்துப் பிடுங்கினார்.

ஐந்தாவது பிரதி

புதன்கிழமை பிரமுகர் வந்தார். ரிப்பன் வெட்டினார். சாவிகளைக் கொடுத்தார். கலையைத் தான் எப்போதும் மதிப்பதாகவும், அன்றைய நாடகத்தில் தனக்கு அளிக்கப்பட்ட பாத்திரத்தைத் தன்னால் இயன்றவரை செய்ததாகவும் பேசினார். ஆடுகளை விரட்டிவிட்டுக் கீழ்லயத்துக் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு ஏறிப் போனார்கள்.

அதன் பிறகு நாடகத்துக்கு எதிராக ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாறாக, நுவரெலியாவில் நடக்கவிருந்த ஒரு கலைவிழாவுக்கு அதை அனுப்ப வேண்டும் என்றார்கள். பெரியசாமி அண்ணனும் செல்வகுமாரும் கடைக்கு வந்தார்கள். திருத்தங்கள் தயாராக இருந்தன.

நாற்காலி இனிக் காலியாக இருக்கக்கூடாது. அதில் ஒருவர் உட்கார வேண்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சால்வை. அன்று சால்வையை மறுத்த சங்கத் தலைவரே இதற்குச் சம்மதித்துவிட்டார். கடைசிக் காட்சியில் நாற்காலியில் இருப்பவர் தானாக எழுந்து சாவிகளைக் கொடுப்பார். மக்கள் ‘சரிங்க’ என்பார்கள். திரை.

“வசந்தாவும் வேணும்” என்றார் பெரியசாமி அண்ணன். “அவ இல்லாம எடுபடாது.”

அந்த நேரம் பார்த்து, சந்தைக்கு வந்திருந்த வசந்தா எங்கள் கடைக்கும் வந்தாள். தோளில் வளையம் வளையமாகச் சுருட்டிய கறுப்பு இறப்பர்க் குழாய். விசயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

“அதுல நான் என்னா கேக்கணும்?”

“நீ ஒண்ணும் கேக்க வேண்டியதில்லம்மா. நீ கேக்குறதுக்கு முன்னாலயே அவரு குடுத்துருவாரு” என்றார் பெரியசாமி அண்ணன்.

“அப்போ நான் எதுக்குண்ணே?”

“வாங்கிக்கிறதுக்கு ஆள் வேணும்ல!”

அவள் குழாயை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“அண்ணே, வீடு குடுத்தாங்க. வீட்டுக்குள்ள தண்ணிக் குழாயும் இருக்கு. திறந்தா காத்துத்தான் வருது. இன்னும் கீழ்லயத்துப் பீலியிலருந்துதான் தண்ணி சொமக்குறோம். உங்க வீட்டுலயும் அதேதானே? தண்ணி எப்ப வரும்னு கேக்கலாம்னா சொல்லுங்க. வந்து நடிக்கிறேன்.”

“தண்ணி விசயம் நாடகத்துல வராதும்மா.”

“அப்போ நானும் வரலண்ணே.”

பஸ் புறப்படுகிற சத்தம் கேட்டு அவள் வெளியே ஓடினாள். செல்வகுமார் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். பெரியசாமி அண்ணன் என்னிடம் சொன்னார்: “அவ பேரை எடுத்துருங்க தங்கச்சி.”

எடுத்தேன். நடிகர் பெயர்களில் ‘வசந்தா’ என்று இருந்த இடத்தில் ‘ஒரு பெண்’ என்று போட்டு அச்செடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஒரு பெண்ணுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. புது வீடுகளில் வாசல் வாசலாகப் போய்க் கேட்டுவிட்டார்களாம். பெரியசாமி அண்ணனின் மனைவியிடமும் கேட்டார்களாம். எல்லோரும், சொல்லிவைத்தாற்போல, மேடை ஏறினால் தண்ணியைப் பற்றித்தான் கேட்பார்களாம்.